முதலில் யாருக்குச் சொல்வது?

அன்புள்ள தாயிக்கு,

தாத்தா எழுதுவது. நானும் உன் சின்னம்மாச்சியும் இங்கே திருச்சியில் நலம். முழங்கால் வலிதான், அது இனி என்னோடேதான் வரும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீயும் இரண்டு தடவை கூப்பிட்டாய், நான்தான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கோபத்தில் வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பேன். நாற்பது வருஷம் ஊரார் கடுதாசியைச் சுமந்தவன், என் சேதியையும் கடுதாசியிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேலத்தெருப் பெரியவர் தவறிப்போனது ராத்திரி இரண்டு மணிக்கு. திருப்பூரில் இருக்கும் மகளுக்கு அவள் தம்பி போன் போட்டு, "அப்பாவுக்கு ரொம்ப முடியல, கையோட கிளம்பி வா" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அடுத்த போன் எனக்கு. "அக்கா தனியா வருது மாமா, கைப்பிள்ளை வேற. திருச்சியில இறங்கினதும் நீங்க கூடவே கூட்டியாந்துருங்க. விசயத்தை ஊரு நெருங்குனப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்."

காலையில் போய் நின்றேன். பஸ் வந்தது. இடுப்பில் பிள்ளையோடு இறங்கினாள். இன்னொரு கையில் போன் எரிந்துகொண்டிருந்தது. ரோஜாப்பூ ஓரம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அவள் அப்பா, மேலே "கண்ணீர் அஞ்சலி". நீ நடத்துகிற "நம்மூர் சொந்தங்கள்" குரூப்பில் நாலே முக்காலுக்குப் போட்டது. அதற்குக் கீழே கும்பிடு போட்ட கைகள் வரிசையாக நின்றன. அந்தப் படம் அவள் கல்யாணத்தில் எடுத்தது, தெரியுமா உனக்கு? பக்கத்தில் மாலையோடு நின்ற அவளைக் கத்தரித்துவிட்டு அவரை மட்டும் எடுத்திருக்கிறாய். ஓரத்தில் அவள் பட்டுச்சேலை ஒரு விரற்கடை தெரிகிறது.

அவள் அழவில்லை. "மாமா, ஊருக்கே தெரிஞ்சு கடைசியா எனக்குத்தானா?" என்றாள். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஊரில் ஒரு சாவென்றால் வெளியூரில் கிடக்கும் நம் பிள்ளைகள் வந்து சேர வேண்டுமே என்ற அவசரம். அது எனக்குத் தெரியும். உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. சேதி என்றால் என்ன என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை உனக்குச் சொல்லவே எழுதுகிறேன்.

தந்தி இருந்த காலத்தில் நம் பக்கத்துக்கு அது பேராவூரணியிலிருந்தோ அறந்தாங்கியிலிருந்தோ வரும். காக்கிச் சட்டையோடு நான் காலைத் தபால் நேரம் தவிர வேறு நேரத்தில் தெருவுக்குள் சைக்கிளை விட்டாலே பெண்கள் மாரில் கை வைத்துக்கொள்வார்கள். தந்தியில் "செத்துவிட்டார்" என்று எழுதுகிறவர்கள் குறைவு. "அப்பா சீரியஸ், உடனே புறப்படவும்" என்றுதான் வரும். சீரியஸ் என்றால் என்ன என்பது கொடுக்கிற எனக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவான். பஸ் ஏறி, வண்டி மாறி, ஊர் எல்லையில் பறைச்சத்தம் காதில் விழும் வரைக்கும் அவன் அப்பா அவனுக்கு உயிரோடுதான் இருப்பார். அவ்வளவு தூரம் தனியாக வர அவனுக்கு அந்தத் தெம்பு வேண்டியிருந்தது. 2013 ஜூலையில் தந்தியையே நிறுத்திவிட்டார்கள். "முடியல, கிளம்பி வா" மட்டும் இன்னும் நிற்கவில்லை.

"அது பொய்யில்லையா தாத்தா?" என்பாய். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல உரிமையுள்ளவன் அவள் தம்பி. அதை உடைக்கிற உரிமையும் அவனுக்குத்தான். உனக்கும் எனக்கும் கிடையாது.

நான் மட்டும் யோக்கியனா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் கீழத்தெருவில் ஒரு அம்மாவுக்குப் பம்பாயிலிருந்து மகன் அனுப்பிய மணியார்டர் வந்தது, இருநூறு ரூபாய். பட்டுவாடா பண்ணப் போகிற வழியில் டீக்கடையில் உட்கார்ந்தேன். "இன்னைக்கு யாருக்குப் பணம்?" என்று எவனோ கேட்டான். பெருமைதான், சொல்லிவிட்டேன். நான் போனபோது அவள் களத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கைநாட்டும் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினேன். மை ஒட்டிய விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு அவள் பணத்தை எண்ணும்போதே வட்டிக்காரன் படலைத் திறந்துகொண்டு வந்து நின்றான். எண்ணி முடிக்க விடவில்லை. அவள் அவனை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அதன்பிறகு அவளுக்குப் பணம் வந்தால் சைக்கிளை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து போய்க் கொடுத்தேன். எனக்கு அந்தப் பார்வை இன்னும் கடன்.

இதனால்தான் சொல்கிறேன், வீட்டுச் சேதிக்கு ஒரு வரிசை உண்டு. சாவென்றால் பெற்ற பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், கோடி போட வேண்டிய பிறந்த வீட்டார், சம்பந்தி வீடு, அப்புறம் ஊர். அந்த வீட்டிலிருந்து ஒருவர் "போட்டுரு" என்று சொல்லும் வரைக்கும் உன் விரல் போனில் படக் கூடாது. பெண் உட்கார்ந்தாலும் வரன் வந்து பார்த்துவிட்டுப் போனாலும் இதே கணக்குத்தான். எவன் மகள் எவனோடு போனாள் என்பது வந்தால் கேட்டதையே மறந்துவிடு. "எங்கே கேட்ட?" என்று ஒருவன் கேட்டால் "குரூப்பில" என்று இன்னொருவன் சொல்வான். குரூப் என்றால் யார்? நீதான்.

பழைய காலத்தை நான் தலையில் தூக்கிவைத்துப் பேசுவதாக நினைத்துவிடாதே. அன்றைக்கு இழவு சொல்ல அனுப்பப்பட்டவர்களைப் பார்த்தவன் நான். வெயிலில் பத்து மைல் நடந்து நம் வீட்டுச் சாவை நம் உறவுக்குச் சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே வா என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கூலியென்று கொஞ்சம் நெல். தண்டோரா போட்டவர்களும் அவர்கள்தான். வேண்டாமென்று சொல்ல அவர்களால் முடியாது, குலத்தோடு ஒட்டவைத்த வேலை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோரா இனி வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றார். நல்லது. ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டிய கடிதம். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு உன் குரூப்பில் இருக்கிறார்களா? எண்ணிப் பார். "நம்மூர் சொந்தங்கள்" என்று பேர் வைத்துவிட்டு ஊரில் பாதியை வெளியே நிறுத்தியிருந்தால் நீயும் அந்த வாசலைத்தான் கட்டியிருக்கிறாய்.

குரூப்பையே கலைத்துவிடு என்று நான் சொல்லவில்லை. ஊர் வாய் எதைச் சொல்லாதோ அதைச் சொல்ல அதை வைத்துக்கொள். சாவும் சண்டையும் தானாகப் பரவும், அதற்கு உன் ஒத்தாசை தேவையில்லை. கிராம சபை எப்போது என்பதுதான் பரவாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்ததோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். இது எத்தனை பேருக்குத் தெரியும்? 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் நூறு பேராவது வந்து உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். நம் ஊரில் பல வருஷம் எப்படி நடந்தது என்றால், நூறுநாள் வேலைக்கு வந்த பெண்களை மரத்தடியில் உட்காரவைத்து, நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். கூட்டம் முடிந்தது! ஏழு நாளைக்கு முன்னாலேயே தேதியையும் இடத்தையும் போடு. என்ன பேசப் போகிறார்கள் என்று கேட்டு வாங்கி அதையும் போடு. முடிந்த பிறகு தீர்மானத்தைப் படம் எடுத்துப் போடு. ரேஷனில் பருப்பு வந்த நாள், கால்நடை மருத்துவ முகாம், மின்தடை, டவுன் பஸ் நேரம் மாறியது, இதையெல்லாம் போட்டால் ஒரு கைகூப்பும் வராது, ரோஜாப்பூவும் வராது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஒரு கிழவி ஆலங்குடிக்கு வீண் நடை நடக்காமல் இருப்பாள்.

எங்கிருந்தோ வந்ததைத் தள்ளிவிடுவது இன்னொரு வியாதி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் நடந்ததை நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டிருப்பாய். சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த குடும்பம். வண்டியை நிறுத்தி ஊர்க்காரர்களிடம் வழி விசாரித்திருக்கிறார்கள். அதில் 65 வயது அம்மா ஒருவர், தெருவில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அந்த நாட்களில் போன் போனாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அடித்தே கொன்றுவிட்டார்கள் அந்த அம்மாவை. நான் தபால் கொண்டு போன நாற்பது வருஷமும் வழி கேட்டு வருகிற வெளியூர்க்காரனுக்கு ஊரில் முதலில் கிடைத்தது ஒரு செம்புத் தண்ணீர். அதை மாற்றியது ஒரு அழுத்து. யார் கண்ணால் பார்த்தது, என்றைக்கு, எந்த ஊரில் என்று மூன்றும் தெரியாத எதையும் நீ அழுத்தாதே.

மொய் விஷயமும் சொல்லவேண்டும். போன ஆவணியில் யாரோ ஒருவன் மொய் நோட்டைப் படம் எடுத்து, திருப்பிச் செய்யாதவர்கள் பேரில் சிவப்பு வட்டம் போட்டுக் குரூப்பில் விட்டான். நீ இரண்டு நாள் அதை எடுக்கவில்லை. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கத்தில் ஆடி ஆவணியில் மொய் விருந்து வைத்துத்தான் எத்தனை பேர் போர் போட்டார்கள், பிள்ளையைப் படிக்கவைத்தார்கள்! கிடாக்கறியைப் போட்டு, கொடுத்தவன் பேரை எழுதிவைத்து, அவன் விருந்து வைக்கும்போது கூட்டிச் செய்வது. நோட்டு வீட்டுப் பெட்டியில் இருக்கும் வரைக்கும் அது உறவு. வெளியே வந்தால் வெறும் கடன் பட்டியல். கஜாப் புயலில் தென்னையெல்லாம் சாய்ந்தவன் எப்படித் திருப்பிச் செய்வான் என்று அந்தச் சிவப்பு வட்டத்துக்குத் தெரியுமா?

அந்தக் கஜா ராத்திரியை நீ மறந்திருக்க மாட்டாய். 2018 நவம்பர் 16. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு தோப்பாகப் படுத்துக்கிடந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோட்டில் மரம். திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம் பிள்ளைகள் டிவியைப் பார்த்துக்கொண்டு துடித்துப்போனார்கள். நான் ஓய்வுபெற்று நாலு வருஷம் ஆகியிருந்தது. பழைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சைக்கிள் ஓடாது, மரத்தைத் தாண்டித் தாண்டி நடைதான். ஒரு நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி: "எல்லாரும் சுகம், கூரை போச்சு." "சுகம், மாடு ஒண்ணு செத்துச்சு." பக்கத்தில் போன் நம்பர். மூன்றாம் நாள் பைக்கில் புதுக்கோட்டைக்குப் போன ஒரு பையனிடம் நோட்டைக் கொடுத்தனுப்பினேன். சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு, அந்தந்த வீட்டுச் சேதியை அந்தந்தப் பிள்ளைக்கு மட்டும் படித்திருக்கிறான். இருட்டும் வரை நின்றானாம். சிலர் போனிலேயே அழுதார்கள் என்று வந்து சொன்னான். அவனுக்கு அப்போது பதினெட்டு வயசு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாக அப்படிச் செய்தான்.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். "மன்னிக்கவும்" என்று குரூப்பில் போட்டிருக்கிறாய், பார்த்தேன். அதை எடுத்துவிடு. அவள் கேட்கவேண்டியதை ஊர் கேட்கவேண்டியதில்லை. கருமாதி வரைக்கும் அவள் பிறந்த வீட்டில்தான் இருப்பாள். அதற்குள் ஒரு சாயங்காலம், கூட்டம் கலைந்த பிறகு, தனியாகப் போ. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ. அந்தக் கல்யாணப் படத்தை முழுசாக, அவளும் அப்பாவுமாக இருப்பதை, பேராவூரணியில் பிரிண்ட் போட்டு உறையில் எடுத்துப் போ. முதலில் அவள் பேசட்டும். பேசாவிட்டால் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார். வரக்காப்பி கொடுத்தால் வாங்கிக் குடி. எழுந்திருக்கும்போது "போயிட்டு வர்றேன்" என்று பழக்கத்தில் சொல்லிவிடாதே, அது துக்க வீடு. ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வா.

இப்படிக்கு,
உன் தாத்தா