காகிதப்பூவுக்குத் தண்ணீர் ஊத்தாதீங்க!

நாலுவழிச் சாலையில் பஸ்ல போகும்போது நடுவுல இருக்கிற மீடியனைக் கவனிச்சிருப்பீங்க. கொளுத்தும் வெயில், வண்டிப் புகை, எப்போதாவது வரும் லாரித் தண்ணீர். ஆனாலும் காகிதப்பூ அங்கே கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். அதே செடியைத் தொட்டியில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊத்தி வளர்த்தால் பல வீடுகளில் இலையும் முள்ளும்தான் வருது. ஏன்?

முதல்ல ஒரு விஷயம். நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ணப் பகுதி உண்மையில் பூ இல்லை. அது பூவடிச் செதில், அதாவது நிறம் மாறிய இலை. மூன்று செதில்களுக்கு நடுவே சின்னக் குழல் மாதிரி வெள்ளையாக இருப்பதுதான் நிஜப் பூ. அந்திமந்தாரையும் இதே குடும்பம்தான். சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1766-ல் பிரான்சிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய கப்பல் தலைவர் புகென்வில் பெயரால்தான் இது 'போகன்வில்லா' ஆனது.

இப்போ காரணத்துக்கு வருவோம். இலைக் கக்கத்தில் வரும் ஒரே மொட்டு, முள்ளாகவும் மாறலாம், பூங்கொத்தாகவும் மாறலாம். தண்ணீரும் நைட்ரஜனும் தாராளமாகக் கிடைத்தால் செடி கிளை நீட்டுவதிலேயே குறியாக இருக்கும், மொட்டெல்லாம் முள்ளாகும். மண் கொஞ்சம் காய்ந்து, நல்ல வெயிலும் நீண்ட இரவும் சேர்ந்தால் பூ பக்கம் திரும்பும்.

வளர்க்கும் முறை இதுதான்:

1. பென்சில் தடிமனில், முற்றிய கிளையில் 15 முதல் 20 செ.மீ. வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு நடுங்க. வேர் பிடிக்கும் வரை மட்டும் ஈரம் காயக் கூடாது. நிழலில் வைங்க.

2. செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சம அளவு. தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

3. வேர் பிடித்ததும் குறைந்தது 5 மணி நேரம் நேர் வெயில் படும் இடத்துக்கு மாத்துங்க. மொட்டை மாடி சரியான இடம்.

4. மேல்மண்ணில் விரலை விட்டுப் பாருங்க. காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், ஊத்தும்போது நிறைய. இலை லேசாகத் தொங்கினால் அன்றே ஊத்திடணும், சருகாகும் வரை விடக் கூடாது.

5. யூரியா வேண்டாம். அதில் 46 சதவீதம் நைட்ரஜன். இலைதான் பெருகும்.

6. ஒரு சுற்றுப் பூ உதிர்ந்ததும் நுனிகளை வெட்டுங்க. புதுக் கிளையில்தான் பூ வரும். முள் குத்தும், கையுறை அவசியம்.

7. சின்னத் தொட்டியே போதும். வேர் நெருக்கமாக இருந்தால் நல்லாப் பூக்கும். தொட்டி மாற்றும்போது வேர் மண்ணை உதிர்க்காதீங்க, சட்டென்று பட்டுப்போகும்.

ஸ்டடி லீவுக்கு ஊருக்குப் போனால் செடிக்கு யார் தண்ணீர் ஊத்துவதுன்னு யோசித்தே பலர் தோட்டம் போடுவதில்லை. நல்லா வேரூன்றிய காகிதப்பூ நாலைந்து நாள் தாங்கும். ஒரு குச்சியை வெட்டி நட்டுப் பாருங்க.