மாமியார் மருமகள் குளத்தில் ஒரு வகுப்பு

கேள்வி: பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் பாடம் எடுக்கிறேன். வீடு திருவெள்ளறையில். சூத்திரத்தைக் கேட்டால் மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள், ‘ஏன்?’ என்றால் வாயே திறப்பதில்லை. யோசிக்கப் பழக்குவதற்கென்று தனிப் பேப்பர் வைத்தால் சரியாகுமா? சிலபஸ் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும்?
– உதவிப் பேராசிரியர் ஒருவர்

பதில்: தனிப் பேப்பர் வேண்டாம். வைத்தால் அதற்கும் கைடு வந்துவிடும். அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். மாற வேண்டியது நாம் கேட்கும் கேள்வி.

அதற்கு இடம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடங்களுக்கு அகமதிப்பெண் 40. அசைன்மென்ட், கேஸ் ஸ்டடி, மினி புராஜெக்ட் எல்லாம் அதற்குள் வரும். பல இடங்களில் அது பார்த்து எழுதும் பத்துப் பக்கமாகக் கரைந்துவிடுகிறது.

உங்கள் ஊரிலேயே ஒரு கேஸ் ஸ்டடி இருக்கிறது. பெருமாள் கோயிலுக்கு வெளியே உள்ள ஸ்வஸ்திக வடிவக் கிணற்றில் நாலு பக்கமும் படிகள் மடங்கி இறங்குகின்றன. ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறைக்குத் தெரியமாட்டார்; அதனால் ஊர்ப் பேச்சில் அது ‘மாமியார் மருமகள் குளம்’. கல்வெட்டில் அதன் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. தந்திவர்ம பல்லவனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் கம்பன் அரையன் முடித்தது. கி.பி. 800ஐ ஒட்டிய காலம்.

முன்அனுமதி வாங்கி, மாணவர்களை டேப்போடு அழைத்துப் போங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். நேர்ப் படியாக வைத்திருந்தால் வெட்டிய மண்ணும் அடுக்கிய கல்லும் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்? மடங்கும் மூலையில் மண்ணின் அழுத்தத்தைச் சுவர் எப்படித் தாங்குகிறது? மறைவுக்காகத்தான் படியை மடக்கினார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? மூன்றாவது கேள்விக்குக் கல்வெட்டு சொல்வது, ஊர் சொல்வது, நாம் ஊகிப்பது என்று தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

பத்து மார்க் என்றால் அளவுக்கு 3, காரணத்துக்கு 4, ‘என் முடிவு எங்கே தவறலாம்’ என்ற பத்திக்கு 3 போடுங்கள். கடைசி மூன்று மார்க்கை எந்த நோட்ஸிலிருந்தும் எடுக்க முடியாது. இரண்டு குழுவின் கணக்கு மோதினால் நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மறுபடி அளக்க அனுப்புங்கள்.

முதல் தடவை வகுப்பு மௌனமாகத்தான் இருக்கும். பொறுக்க முடியாமல் விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.