புதிய கார்டு வேண்டாம், பொருந்தும் கார்டு போதும்

கேள்வி: பென்டியம் 3, விண்டோஸ் 98 உள்ள பழைய கணினியில் 1996 முதல் 2000 வரை வந்த விளையாட்டுகளை ஆட ஆசை. கிடைப்பதிலேயே வேகமான ஏஜிபி கார்டாக ஜீஃபோர்ஸ் 6 வாங்கலாமா?

பதில்: வேண்டாம், வூடூ 3 வாங்குங்கள். கார்டு எவ்வளவு வேகமானது என்பதைவிட, விளையாட்டு எந்த வன்பொருளை நம்பி எழுதப்பட்டது என்பதே முக்கியம். அந்த ஆண்டுகளின் பல விளையாட்டுகள், 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் தன் வூடூ கார்டுகளுக்கென்றே உருவாக்கிய கிளைடு மொழியில் பேசின. 1998இன் அன்ரியல் அதில்தான் முழு அழகோடு ஓடியது. ஜீஃபோர்ஸுக்குக் கிளைடு தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 7இன் கணினிப் பதிப்பு 8 பிட் வண்ணத்தட்டுப் படங்களை எதிர்பார்க்கிறது. ஜீஃபோர்ஸ் 6 வரிசையில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். புதியது என்பதாலேயே அது பழையதை மறந்துவிட்டது.

வூடூ 3க்கு 16 பிட் வண்ணம்தானே, பரப்புகளில் ஒட்டும் படங்களும் 256க்கு 256 அளவைத் தாண்டாதே என்பார்கள். உண்மைதான், குவேக் 3இல் அந்தக் குறை கண்ணில் படும். ஆனால் 1998 வரை வந்த பெரும்பாலான விளையாட்டுகள் அந்த எல்லைக்குள்ளேயே வரையப்பட்டவை. கிளைடைப் போலி செய்யும் மென்பொருள் இருக்கிறதே என்றால், அதற்குப் புதிய கணினியே போதும், பழைய பெட்டி எதற்கு? 2001க்குப் பிந்தைய விளையாட்டுகளே உங்கள் விருப்பம் என்றால் மட்டும் ஜீஃபோர்ஸ் 4 டிஐ நல்ல தேர்வு. வாங்குமுன் ஏஜிபி பள்ளத்தைப் பாருங்கள்: வூடூ 3 என்பது 3.3 வோல்ட் கார்டு, 1.5 வோல்ட் மட்டும் தரும் மதர்போர்டுக்கு ஆகாது. 440பிஎக்ஸ் சிப்செட் என்றால் கவலையில்லை.