லீவர் அருகே ஒருவர், சக்கர அறையில் ஒருவர்



2019 ஜூலை 10 அதிகாலை. கொல்கத்தா நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமான நிலையத்தில் நின்றிருந்த ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் கியூ400 விமானத்தில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. வலப்பக்க லேண்டிங் கியர் மடங்கி உட்காரும் சக்கர அறைக்குள் ஒரு டெக்னீஷியன் இருந்தார். எதிர்பாராத விதமாக ஹைட்ராலிக் கதவு மூடிக்கொண்டது; அவர் நடுவில் சிக்கினார். கதவை உடைத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. உயிர் பிழைக்கவில்லை. நிறுவனம் அப்போது வெளியிட்ட அறிக்கை ஏறத்தாழ இவ்வளவுதான். கதவு ஏன் மூடியது என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் டெக்னீஷியன்களுக்குள் தகவல் அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள அந்தச் சக்கர அறையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கியூ400இன் சக்கரங்கள் இறக்கைக்குக் கீழே, இன்ஜின் கூட்டின் பின்பகுதிக்குள் மடங்கும். அங்கே தலையை நுழைத்து வேலை செய்பவரைக் காக்பிட்டில் இருப்பவரால் பார்க்க முடியாது. பயணிகள் விமானங்கள் பலவற்றில் ஹைட்ராலிக் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு. கார் டயரில் இருப்பதோ முப்பத்துச் சொச்சம். அந்த அழுத்தத்தில் நகரும் கதவு, நடுவில் இருப்பது இரும்பா எலும்பா என்று பார்க்காது. ஆகவே அழுத்தம் ஏற்றுவதற்கு முன்பு செய்ய வேண்டியவை எல்லா விமான நிறுவனங்களிலும் கிட்டத்தட்ட ஒன்றே: கதவு அசையாதபடி பூட்டுப் பின் மாட்டுவது, தேவையான சர்க்யூட் பிரேக்கர்களை இழுத்துவைப்பது, கியரை இயக்கும் காக்பிட் லீவரில் ‘இயக்காதே’ என்ற சிவப்பு டேக்கைத் தொங்கவிடுவது, கீழே ஒருவர் ஹெட்செட்டுடன் நின்று ‘ஆள் யாரும் இல்லை’ என்று சொன்ன பிறகே மேலே இருப்பவர் கை வைப்பது. கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் இதில் சேர்த்தி. ‘சரி’ என்ற ஒற்றைச் சொல் பதில் ஆகாது. எதற்குச் சரி என்பது அதில் இல்லை.

தகவல் தவறுவது என்றால் ஒருவர் சொன்னதை மற்றவர் தவறாகக் கேட்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். கேட்டதிலோ பார்த்ததிலோ பிழை வருவது உண்டுதான். 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில் ஏர் இந்தியா விமானம் ஒன்றைப் பின்னுக்குத் தள்ளும்போது டெக்னீஷியன் ஒருவர் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். துணை விமானி சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டதாக அப்போது சொல்லப்பட்டது. ஆனால் விமானங்களைப் பராமரிக்கும் கூடமான ஹேங்கருக்குள் பெரிய ஆபத்து வேறு விதமானது. இயந்திரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒருவர் மண்டைக்குள் மட்டும் இருக்கும். அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

இதற்கு உலகம் முழுக்க வகுப்பறைகளில் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது. 1991 செப்டம்பர் 10 இரவு, கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் எம்பரேயர் 120 விமானம் ஹூஸ்டன் ஹேங்கருக்கு வந்தது. வால் பகுதியின் கிடைமட்ட இறக்கையில், முன்விளிம்பில் உள்ள பனிநீக்கும் ரப்பர் உறைகளை மாற்ற வேண்டும். மாலை ஷிஃப்ட் வேலையைத் தொடங்கியது. கை கொடுக்க வந்தவர் ஒரு தர ஆய்வாளர். மற்றவர் வேலையைச் சரிபார்க்க வேண்டியவரே வேலையில் இறங்கியது முதல் கோளாறு. வலப்பக்கம் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் இடப்பக்க மேற்பரப்பின் 47 திருகுகளையும் கழற்றிவிட்டார். வேலை அட்டையில் அது பதிவாகவில்லை. இரவு ஷிஃப்ட் ஆய்வாளர் வந்து ஒப்படைப்புத் தாளைப் பார்த்தபோது அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மற்ற டெக்னீஷியன்களிடமிருந்து வாய்வழியாக வந்த தகவலும் வேலையைத் தொடர வேண்டியவர்களிடம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. இரவு ஷிஃப்ட் வலப்பக்கத்தை முடித்தது. இடப்பக்கம் தொடவே இல்லை என்று நினைத்து விமானத்தை அனுப்பிவைத்தது.

எம்பரேயர் 120இல் அந்த இறக்கை வாலின் உச்சியில் இருக்கிறது. தரையில் சுற்றிப் பார்க்கும் விமானியின் கண்ணுக்கு அதன் மேற்பரப்பு தெரியாது. அடிப்பரப்புத் திருகுகள் மட்டும் பிடித்திருக்க, 11ஆம் தேதி காலை விமானம் லரேடோவுக்குப் போய்விட்டது. திரும்பி ஹூஸ்டனை நோக்கி இறங்கும்போது முன்விளிம்பு பிய்ந்தது. ஈகிள் லேக் என்ற ஊரருகே விமானம் விழுந்தது. 14 பேரும் இறந்தார்கள். விபத்தை விசாரித்த வாரியத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் பராமரிப்பு, ஆய்வு ஊழியர்கள் நடைமுறையைப் பின்பற்றாததைக் காரணமாகச் சொன்னார்கள். ஜான் லாபர் என்ற உறுப்பினர் மட்டும் மாறுபட்டார்: நடைமுறையை மதிக்கும் வழக்கத்தை நிறுவனத்தின் மேலிடம் உருவாக்காததும் காரணம் என்றார். ஊழியர் மறந்தார் என்று கோப்பை மூடுவது எளிது. பத்துப் பேர் ஒரே மாதிரி மறக்கும் இடத்தில் மேலாளரையும் கேட்கத்தான் வேண்டும். லாபர் சொன்னதில்தான் நியாயம் கூடுதல்.

சில ஆண்டுகளுக்குள் கனடாவில் கோர்டன் டூபாண்ட் பராமரிப்புப் பிழைகளின் 12 காரணங்களைத் தொகுத்தார். தகவல் பரிமாற்றக் குறைபாடு அந்தப் பன்னிரண்டில் ஒன்று. துணிந்து பேசாமல் இருப்பது இன்னொன்று. இந்திய ஹேங்கர்களில் இரண்டாவதற்குத் தனிக் கனம் உண்டு. ‘தாதா’ என்றும் ‘சார்’ என்றும் அழைக்கும் மூத்தவரிடம், ‘நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன், கொஞ்சம் நிறுத்துங்கள்’ என்று கத்தப் புதிதாகச் சேர்ந்தவருக்கு நாக்கு எழாது. கொல்கத்தாவில் ஒரே குழுவில் வங்காளமும் இந்தியும் மலையாளமும் பேசுவோர் இருக்கலாம், கையேடு ஆங்கிலத்தில். கேலிக்குப் பயந்து புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டுவது அங்கே எளிதில் நடக்கும்.

ஆகவே நல்ல ஹேங்கரில் ஷிஃப்ட் மாறும்போது தாளை மட்டும் கைமாற்றுவதில்லை. போகிறவரும் வருகிறவரும் விமானத்தைச் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். பாதியில் நின்ற ஒவ்வொரு வேலையும் எங்கே நின்றது, எந்தத் திருகு பையில் இருக்கிறது என்று கைவைத்துக் காட்டுவார்கள். எழுதாத வேலை செய்யாத வேலையாகவே கணக்கு. கழற்றியதை எழுதாமல் விட்டால் அது செய்யாததைவிட மோசம். டேக்கைத் தொங்கவிட்டவரே அதை எடுக்க வேண்டும். அவர் போய்விட்டிருந்தால், பொறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டவர், உள்ளே ஆள் இல்லை என்பதைத் தானே நேரில் போய்ப் பார்த்த பிறகு எடுக்கலாம். உரிமம் பெற்ற பொறியாளர் பறக்கத் தகுதி என்று கையெழுத்திடுவது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான்.