உரைகல்லைக் காப்பவர் யார்?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிப்பொறி அறிவியல்)

பொன்னின் மாற்றை அறியப் பொற்கொல்லர் அதனை உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார். பொன்னின் பெருமையைப் பேசுவோர் பலர். நகையை அணிந்து மகிழ்வோர் அதனினும் பலர். ஆனால் அந்த உரைகல்லைத் துடைத்து வைப்பவர் யார், அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டதா என்று பார்ப்பவர் யார் என நாம் எண்ணுவதில்லை. மென்பொருள் உலகிலும் நிலைமை இதுவே. நிரல் எழுதியவர் பெயரை உலகம் அறியும். அந்த நிரல் பிழையின்றி ஓடுகிறதா என்று நாள்தோறும் சோதித்துச் சொல்லும் ஏற்பாட்டைக் கட்டிக் காப்பவர்களை உலகம் அறியாது. அவர்களைப் பற்றியும், அவர்களோடு சில மாதம் நான் செய்த சிறு பணியில் கற்ற பாடத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

சோதனை என்பது யாது?

மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமையோடு வெளியிடப்படும் மென்பொருளைத் திறமூல மென்பொருள் என்கிறோம். இத்தகைய நிரலோடு சோதனை நிரல்களும் சேர்ந்து வருவது நல்ல மரபு. சோதனை என்பது பெரிய மந்திரம் அன்று. ஓர் ஆண்டு லீப் ஆண்டா எனக் கூறும் நிரலை எழுதியிருக்கிறோம் என்று கொள்வோம். 2000 கொடுத்தால் 'ஆம்' என்றும், 1900 கொடுத்தால் 'இல்லை' என்றும் அது விடை தர வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டு, வந்த விடையைச் சரியான விடையோடு ஒப்பிடும் சிறு நிரலே சோதனை. விடை பொருந்தினால் 'ஓகே 1', பொருந்தாவிட்டால் 'நாட் ஓகே 1' என்று அது ஒரு வரி எழுதும். 1987-இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழி, தன் முதல் பதிப்பிலேயே இத்தகைய சோதனைகளோடு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படியானால் ஆசிரியரே தம் கணிப்பொறியில் சோதித்துவிட்டால் போதாதா என்று நண்பர்கள் கேட்கலாம். போதாது. அவரிடம் இருப்பது ஒரு கணிப்பொறி. உலகில் இருப்பவை பலவகை. லினக்சில் 'அ' என்றும் 'ஆ' என்றும் பிரித்தறியப்படுவது போல், பெரிய எழுத்தில் எழுதிய கோப்புப் பெயரும் சிறிய எழுத்தில் எழுதிய அதே பெயரும் வேறு வேறாகக் கொள்ளப்படும். விண்டோசில் அவை பொதுவாக ஒன்றே. நம் நாட்டில் மூன்றேகாலை 3.25 என எழுதுகிறோம். ஜெர்மனியில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இடுகிறார்கள். இப்படிப்பட்ட நூறு வேற்றுமைகளையும் ஒருவர் தம் மேசையில் வைத்துச் சோதிக்க இயலுமா?

சிபான் களஞ்சியமும் சோதனையாளர்களும்

பெர்ல் மொழியில் எழுதப்பட்ட நிரற்கூறுகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் சிபான் என்னும் களஞ்சியம் 1995-இல் தொடங்கப்பட்டது. இன்று அதில் 40,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. களஞ்சியம் வளர வளர, நெல்லோடு பதரும் சேர்ந்தது. இந்நிலையில் 1998-இல் கிரஹாம் பார், கிறிஸ் நாண்டார் ஆகிய இருவரும் ஒரு திட்டத்தை வகுத்தனர். புதிய தொகுப்பு ஒன்று களஞ்சியத்துக்கு வந்ததும், விரும்பிய தொண்டர்கள் அதைத் தத்தம் கணிப்பொறியில் இறக்கி, சோதனைகளை ஓட்டி, முடிவை ஒரு பொது இடத்துக்கு அனுப்ப வேண்டும். இத்திட்டமே 'சிபான் டெஸ்டர்ஸ்'.

முடிவுகள் நான்கு வகை. எல்லாச் சோதனைகளும் தேறினால் 'பாஸ்'. தவறினால் 'ஃபெயில்'. அந்தக் கணிப்பொறிக்கோ அந்தப் பெர்ல் பதிப்புக்கோ உரிய தொகுப்பன்று என்றால் 'என்.ஏ.'. தேறியதா தவறியதா என முடிவு கூற வழியில்லை என்றால் 'அன்னோன்'. இந்த நான்காவது வகையை நண்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். 'தெரியாது' என்பதையும் ஒரு விடையாக ஏற்று எழுதி வைத்தார்களே, அதில்தான் இத்திட்டத்தின் நேர்மை அடங்கியிருக்கிறது.

இதன் பயனுக்கு ஒரு சான்று. நிரற்கூறுகளைத் தேடும்போது நாம் நிற்கும் அடைவிலும் தேடுவது பெர்லின் பழைய வழக்கம். தீயவர் ஒருவர் அங்கே போலிக் கோப்பை வைத்து ஏமாற்ற இது இடம் கொடுத்தது. எனவே 2017-இல் வெளிவந்த 5.26 பதிப்பில் அவ்வழக்கம் நீக்கப்பட்டது. அந்த வழக்கத்தை நம்பியிருந்த பழைய தொகுப்புகள் பல முறிந்தன. எந்தெந்தத் தொகுப்பு முறியும் என்று வெளியீட்டுக்கு முன்பே சுட்டிக் காட்ட உதவியவை தொண்டர்களின் சோதனை அறிக்கைகளே.

அஞ்சற்பை நிரம்பி வழிந்த கதை

தொடக்கத்தில் ஒவ்வோர் அறிக்கையும் ஒரு மின்னஞ்சலாகச் சென்றது. தொண்டர்கள் சிலராக இருந்தவரை இது போதுமானதாக இருந்தது. பின்னர் சிலர் இரவு பகலாகத் தானே இயங்கிச் சோதிக்கும் நிரல்களை அமைத்தனர். மாதந்தோறும் அறிக்கைகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. அவற்றைத் தாங்கிய அஞ்சல் கணிப்பொறிகளும் தொண்டர்களால் நடத்தப்பட்டவையே. நற்பணியின் வளர்ச்சியே அதற்குப் பாரமாயிற்று!

என்ன செய்தார்கள்? பணியை நிறுத்தவில்லை, அடித்தளத்தை மாற்றினார்கள். 2008-இல் ஆஸ்லோவிலும் 2009-இல் பர்மிங்ஹாமிலும் தரச் சோதனைக்கென நடந்த தொண்டர் கூட்டங்களில் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிட்டனர். டேவிட் கோல்டன், ரிக்கார்டோ சைன்ஸ் முதலியோர் 'மெட்டாபேஸ்' என்னும் புதிய சேமிப்பு முறையை உருவாக்கினர். 2010-இல் மின்னஞ்சல் வழி கைவிடப்பட்டு, அறிக்கைகள் நேரே அதற்குச் செல்லலாயின. பின்னாளில் அந்த முறையும் பழையதாகி, அதனையும் மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. ஒரு முறை கட்டினால் என்றும் நிற்கும் என்பது இத்துறையில் இல்லை.

சொந்தக் கூடமும் இரவல் கூடமும்

இதுபோன்ற முயற்சிகள் வேறும் உள. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்துக்கு 2004-இல் ஆண்ட்ரூ டன்ஸ்டன் ஒரு சோதனைப் பண்ணையை ஏற்படுத்தினார். பண்ணை என்பதற்கேற்ப, அதில் சேரும் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் உயிரினத்தின் பெயர்! 'ஸ்கிங்க்', அதாவது அரணை, என்ற பெயருடைய கணிப்பொறியும் அதில் உண்டு. அரணை தவறிவிட்டது என்றால், அது யாருடைய பொறுப்பில் உள்ளது, அதன் இயல்பு என்ன என்று அனைவரும் அறிவர்.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. ஜெர்மனியில் 2011-இல் தொடங்கிய டிராவிஸ் சி.ஐ. என்ற நிறுவனம், திறமூலத் திட்டங்களுக்குச் சோதனை வசதியை இலவசமாக வழங்கியது. எண்ணற்ற திட்டங்கள் அதனை நம்பின. 2019-இல் நிறுவனம் கை மாறிற்று. 2020 நவம்பரில் இலவச வசதிக்கு வரம்பு விதிக்கப்பட்டது. பல திட்டங்கள் அவசர அவசரமாக வேறிடம் தேடிப் பெயர்ந்தன. பெயர்க்க ஆளில்லாத சிறு திட்டங்களின் சோதனைகள் நின்றுபோயின. நிறுவனத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. மின்சாரத்துக்கும் கணிப்பொறிக்கும் யாரோ ஒருவர் பணம் கட்டத்தான் வேண்டும். ஆனால் இரவல் கல்லில் உரைப்பவர், கல்லைத் திருப்பிக் கேட்கும் நாளையும் எண்ணியிருக்க வேண்டுமல்லவா?

என் அனுபவம்

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வகத்தில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கணிப்பொறி ஒன்றைக் கேட்டுப் பெற்றேன். "தம்பி, அறிமுகமில்லாதவர் எழுதிய நிரலை ஓட்டப் போகிறாய், துறையின் கோப்புகள் உள்ள கணிப்பொறிகளோடு இதனை இணைக்காதே" என்று எங்கள் பேராசிரியர் எச்சரித்தார். அவ்வாறே தனியே வைத்து, லினக்ஸ் நிறுவி, சிபான் சோதனைகளை ஓட்டினேன்.

மூன்றாம் வாரத்தில், நேரக் கணக்கீட்டுக்கான ஒரு தொகுப்பு எங்கள் கணிப்பொறியில் 'ஃபெயில்' ஆயிற்று. பிறர் அனைவருக்கும் 'பாஸ்'. என் அமைப்பில்தான் கோளாறோ என்று அஞ்சி இரண்டு நாள் தேடினேன். பிறகு விளங்கியது. உள்ளூர் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை முழு மணிகளாக மட்டும் அந்நிரல் கொண்டிருந்தது. இந்திய நேரமோ ஐந்தரை மணி முன்னே நிற்பது! அந்த அரை மணியை நிரல் விழுங்கிவிட்டது. ஆசிரியருக்கு எழுதினேன். மறுநாளே நன்றி கூறி விடை எழுதினார். அவ்வாரமே திருத்திய பதிப்பு வந்தது. கண்காணாத நாட்டிலிருப்பவரின் நிரலை நம் ஊர்க் கடிகாரம் திருத்திற்றே என்று நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கோடை விடுமுறையில் ஆய்வகத்தைப் பூட்டியபோது கணிப்பொறியின் மின் இணைப்பும் துண்டிக்கப்பட்டது. ஏறக்குறைய ஒன்றரை மாதம் எங்களிடமிருந்து ஓர் அறிக்கையும் செல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அந்த இடைவெளியில் அதே தொகுப்பின் புதிய பதிப்பு வெளிவந்தது. அதில் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியபோது பழைய பிழை மீண்டும் புகுந்துவிட்டது. அறிக்கைப் பக்கத்தில் அத்தனையும் 'பாஸ்'.

எங்கள் துறையின் வருகைப் பதிவு நிரல் அந்தத் தொகுப்பைத்தான் பயன்படுத்தியது. கல்லூரி திறந்த முதல் வாரம், காலை 9.30-க்கு வந்த மாணவர்கள் 10 மணிக்கு வந்ததாகப் பதிவாயினர். முதல் பாடவேளைக்கு வரவில்லை என்று அவர்களுக்குக் குறிப்பு விழுந்தது. பேருந்தில் நெடுந்தொலைவு வரும் என் வகுப்புத் தோழர் ஒருவர், வருகைக் குறைவால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்று கலங்கியதை நான் கண்டேன். பேராசிரியர் பதிவேட்டைப் பார்த்துச் சரி செய்து கொடுத்தார். எனினும் என் மனம் என்னைச் சுட்டது. பிழை அந்த ஆசிரியருடையது மட்டும் அன்று. பிழையைத் திருத்தியபோது அதற்கென ஒரு சோதனையைச் சேர்க்க அவர் மறந்தார். சேர்க்கும்படி கேட்க நானும் மறந்தேன்.

இம்முறை வெறும் புகார் எழுதவில்லை. கணிப்பொறி எந்த நாட்டில் இருந்தாலும், தானே இந்திய நேரத்தை அமைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் சோதனை ஒன்றை எழுதி அனுப்பினேன். ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். இனி அந்தப் பிழை திரும்பினால் எங்கள் கணிப்பொறி அணைந்திருந்தாலும் உலகின் மற்றக் கணிப்பொறிகள் அதனைச் சொல்லிவிடும்.

பராமரிப்பின் பாடம்

இதிலிருந்து நான் கற்றது ஒன்றே: புகார் வரவில்லை என்பதும் பிழை இல்லை என்பதும் ஒன்றாகா. சோதனைக் கூடம் பழுதுபட்டால் மணி அடிப்பதில்லை, அமைதிதான் நிலவும். அந்த அமைதியை நலம் என்று நாம் மயங்குகிறோம். மருத்துவர் வராத ஊரில் நோய்க் குறிப்பேடு வெறுமையாகத்தானே இருக்கும்?

ஆகவே சோதனைக் கூடத்தைக் காப்பது என்றால் கணிப்பொறிகளை வாங்கி வைப்பது மட்டும் அன்று. எந்தக் கணிப்பொறி கடைசியாக என்று அறிக்கை அனுப்பியது என்று பார்க்க வேண்டும். வட்டு நிரம்பியதால் பொய்யாக 'ஃபெயில்' அனுப்பும் கணிப்பொறியைக் கண்டு விலக்க வேண்டும்; பொய்ப் புகார் பெருகினால் ஆசிரியர்கள் மெய்ப் புகாரையும் படியாமல் விடுவர். ஒருவர் விலகினால் அவருடைய பொறுப்பை ஏற்க இன்னொருவர் பழகியிருக்க வேண்டும். இவை எவையும் புகழ் தரும் பணிகள் அல்ல. ஆனால் இவை நின்றால் புகழ் பெற்ற நிரல்கள் எதுவும் நெடுநாள் நிற்காது.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் ஒரு குறிப்பேடு தொங்குகிறது. திங்கள்தோறும் ஒரு மாணவர், கடைசி அறிக்கை சென்ற நாளை அதில் எழுதிக் கையொப்பமிடுகிறார். இரண்டாம் ஆண்டு நண்பர்கள் நால்வர் முறை வைத்து இதனைச் செய்கின்றனர். நான் இவ்வாண்டோடு கல்லூரியை விட்டுச் செல்கிறேன். முதலாம் ஆண்டு நண்பர்களில் இருவர் முன்வந்தால் வரும் கோடையில் அந்தக் கணிப்பொறி அணையாது. நிரல் எழுதும் திறமை இன்னும் கைவரவில்லையே என்று எவரும் தயங்க வேண்டா. நாளைத் தவறாமல் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதும் ஒழுங்கு ஒன்றிருந்தால் போதும்.