டேங்கிலிருந்து தொடங்கு, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. தாத்தாவின் ஹெரால்டு காரை எலுமிச்சைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளிக் கழுவி நிறுத்தியிருக்கிறாய். பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஆலையில் 1961 முதல் செய்த கார் அது. அந்த ஆலை ஓய்ந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. அதனால் கழற்றும் எதையும், உடைந்த ஸ்க்ரூவைக்கூட, தூக்கிப் போடாதே.

கார்புரேட்டர் கிட் வாங்கிவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை பிரித்துச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த ஒன்றை மட்டும் செய்யாதே. எல்லோரும் கார்புரேட்டரில்தான் கை வைக்கிறார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஆனால் ஜெட்டை அடைக்கும் துரு டேங்கில் பிறக்கிறது. டேங்க் அழுக்காக இருக்கும்வரை நீ எத்தனை முறை ஜெட்டை ஊதினாலும் வாசுதேவநல்லூர் போய்ச் சேரமாட்டாய்.

ஹெரால்டின் டேங்க் டிக்கிக்குள் இருக்கிறது. கசிந்தால் ஆவி நேராக நீ உட்காரும் இடத்துக்கு வரும். முதலில் பேட்டரி இணைப்பை எடு. பழைய பெட்ரோலை இரும்பு டின்னில் வடித்து, வீட்டிலிருந்து தள்ளி வை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து, தூரத்தில் எரியும் அடுப்பைக்கூடத் தொடும். கொட்டகைக்குள் வேண்டாம், வெட்டவெளியில் செய். டேங்கில் ஓட்டை தெரிந்தால் வெல்டிங் பட்டறைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடாதே. காலி டேங்க்தான் வெடிக்கும். நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி, வேலை நடக்கும் இடத்தில் மட்டும் காலியாக வைத்து ஈயம் பற்றவைக்கத் தெரிந்த ஆளிடம் கொடு. அப்படி ஆள் கிடைக்கும்வரை வண்டி நிற்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நம்மூர் எலுமிச்சைச் சாற்றை ஊற்றித் துருவை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. துருவைக் கரைப்பது அதிலுள்ள சிட்ரிக் அமிலம்தான். ஆனால் சாற்றில் சக்கையும் சர்க்கரையும் இருக்கின்றன, அவை உள்ளே ஒட்டிக்கொள்ளும். கடையில் சிட்ரிக் அமிலத் தூள் வாங்கு. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் போதும். அதற்கு முன் சலவைச் சோடா கலந்த வெந்நீரால் பெட்ரோல் பிசினைக் கழுவு, பிசின் மேல் அமிலம் வேலை செய்யாது. ஓர் இரவு ஊறியபின் கொட்டிவிட்டு, ஆப்பச் சோடாத் தண்ணீரால் அலசி, உடனே சூடான காற்றடித்து உலர்த்து. சாரல் காலத்தில் இந்த வேலையை எடுக்காதே. குற்றாலத்தில் அருவி கொட்டும் நாட்களில் நம்மூர்க் காற்றிலும் ஈரம். கழுவிய இரும்பு கண் முன்னாலேயே மறுபடி சிவக்கும். உள்ளே பூசும் சீலர் விற்பார்கள். சின்னஞ்சிறு துளைகள் இருந்தாலொழிய எனக்கு அதில் விருப்பமில்லை. ஒழுங்காகப் பிடிக்காவிட்டால் தோலாக உரிந்து குழாயை அடைக்கும்.

அடுத்து ரப்பர். தாத்தா ஓட்டிய காலத்துப் பெட்ரோல் இப்போது இல்லை. 2022-இல் 10 சதவீதம் எத்தனால் கலந்தார்கள், 2023-இல் தொடங்கி 20 சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து உரிக்கும், காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே ஹோஸ் எல்லாம் மாற்று. மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்க வேண்டும். அளவு சரியாக இருக்கிறதே என்று சாதாரணக் குழாயைச் செருகாதே. இரும்புக் குழாய்க்கு இன்ஜின் பக்கமிருந்து காற்றடித்தால் போதும்.

பிறகு பெட்ரோலை இழுக்கும் ஏசி கம்பெனி பம்ப். அதைப் பார்க்க முன்பாகம் முழுவதையும் தூக்கி, டயர் மேல் உட்கார்ந்தே வேலை செய்யலாம். இப்படி வசதியான கார் வேறு எது? முதலில் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பார். பெட்ரோல் வாசனை அடித்தால் டயாப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றாமல் இன்ஜினைச் சுற்றவிடாதே. புதிய டயாப்ரம் எத்தனாலைத் தாங்குமா என்று கேட்டு வாங்கு. பிறகு கை லீவரை அமுக்கு. சில சமயம் அது தொளதொளவென்று ஆடும், பெட்ரோல் வராது. பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்காதே. கேம் மேடு பம்பின் கையை ஏற்கெனவே தள்ளிப் பிடித்திருக்கும். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அமுக்கு. பாட்டிலில் பெட்ரோல் ஊற்றித் தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்வார்கள். சூடான இன்ஜின் மேல் அது வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் முடிந்தபின் கார்புரேட்டர். அதன் உடல் துத்தநாகக் கலப்பு. அமிலத்தில் போட்டால் அரித்துவிடும். ஜெட்டுக்குள் கம்பியோ ஊசியோ விடாதே. சோலக்ஸ் ஜெட்டில் 110 என்று இருந்தால் துளை 1.10 மில்லிமீட்டர், அந்தக் கணக்கு கம்பிக் கீறலில் கெட்டுப்போகும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். அதனால் பழைய ஜெட்டோடு கலவை மெலிந்து, ஏற்றத்தில் இழுவை குறையும். அப்போது ஒரு நம்பர் பெரிய ஜெட் போடலாம், ஓட்டிப் பார்க்காமல் மாற்றாதே. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற ஃபில்டர் ஒன்று வை.

ஸ்டார்ட் ஆனதும் கால் மணி நேரம் நிற்கவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பார். ஈரம் இல்லையென்றால் வாசுதேவநல்லூர் வரை போய்த் திரும்பு. ஆரியங்காவு ஏற்றமெல்லாம் பிறகு. தீயணைப்பு சிலிண்டர் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

கழற்றியதும் ஜெட் நம்பரையும், பம்பின் உடலில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுதி அனுப்பு. புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் தேடிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா