அந்த ‘அவன்’ யார்?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். ‘வரிசையில் நிற்க வேண்டும்’, ‘எல்லோரும் சமம்’ என்றெல்லாம் பிள்ளைகள் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். மணி அடித்ததும் தண்ணீர்க் குழாயில் முண்டியடிக்கிறார்கள். குப்பையை எடுக்கச் சொன்னால், “நான் ஏன் டீச்சர்? அவன் எடுக்கட்டும்” என்கிறார்கள். குடிமைப் பண்புகளை இந்த வயதில் எப்படிச் சொல்லித்தருவது?
- ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் அந்த ‘அவன்’ யார் என்று கவனியுங்கள். தினமும் ஒரே பிள்ளையையே கைகாட்டுகிறார்களா? வகுப்பைப் பெருக்குவது எப்போதும் பெண்பிள்ளைகளா? அப்படியென்றால், தீண்டாமை ஒரு பெருங்குற்றம் என்று பாடநூலில் அச்சிட்டிருப்பதை எத்தனை முறை வாசிக்க வைத்தாலும் பயனில்லை. பெருக்குவது, பலகை துடைப்பது, நோட்டு அடுக்குவது என எல்லா வேலைக்கும் வாரமுறை போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். யாருக்கும் விலக்கு வேண்டாம். கழிப்பறை கழுவும் வேலையை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது.

அடுத்தது லீடர். நன்றாகப் படிக்கிற பிள்ளையை நீங்களே நியமிக்காதீர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கதையாகச் சொல்லுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 920-ஆம் ஆண்டில் வெட்டியது. ஊர் வேலைகளைக் கவனிக்கும் வாரியம் என்ற குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்திலேயே போட மாட்டார்கள். அதேபோல் காகிதச் சீட்டும் ஒரு குடமும் வைத்து மாதம் ஒரு லீடரை எடுங்கள். மாதக் கடைசியில், காணாமல் போன சாக்பீஸ் உட்பட, அந்த லீடர் வகுப்புக்குக் கணக்குச் சொல்லட்டும்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்தக் குடத்தில் யார் பெயரெல்லாம் இல்லை?” பெண்கள் பெயர் இல்லை, நிலம் இல்லாதவர் பெயர் இல்லை, வேதம் கற்காதவர் பெயரும் இல்லை. இன்று 18 வயதான எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்பதன் அருமை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கும். பழம்பெருமையையும் அதன் குறையையும் ஒரே பாடத்தில் சொல்லிவிடலாம்.

குழாயடிச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்ல நீங்கள் போக வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வட்டமாக உட்கார வைத்து, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். ‘ஒன்றாம் வகுப்புக்கு முதலில் தண்ணீர்’ என்று அவர்களே விதி போட்டால், மீறுகிறவனை அவர்களே தடுப்பார்கள். குழாயே ஒழுகுகிறது என்றால், வகுப்பே சேர்ந்து ஊராட்சித் தலைவருக்கு மனு எழுதட்டும். அக்டோபர் 2 கிராம சபையில் பெற்றோர் மூலம் அதைக் கொடுக்கலாம். கடிதம் எழுதும் பயிற்சியும் அதிலேயே முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள். வகுப்பு போட்ட விதி உங்களுக்கும் சேர்த்துத்தான். ‘வகுப்பில் செல்போன் கூடாது’ என்று பிள்ளைகள் எழுதினால், முதலில் உங்கள் போனை எடுத்துப் பைக்குள் வையுங்கள்.